பார்வை போன அப்பாவுக்கு போன் செட் பண்றது எப்படி: முழுமையான வழிகாட்டி

அப்பா ரயில் பொட்டி கட்டற ஐசிஎஃப் ஃபேக்டரில வேலை பாத்து ரிட்டயர் ஆனவர், வீடு பெரம்பூர். க்ளாக்கோமால ரெண்டு கண்ணும் போச்சு, இப்போ ஜன்னல் எந்தப் பக்கம்னு வெளிச்சத்தை வெச்சு சொல்வார், அவ்ளோதான். க்ளாக்கோமா ஒரு திருட்டுப்பய வியாதி, மொதல்ல ஓரத்துப் பார்வையைத்தான் தின்னும், நடுவுல எழுத்தெல்லாம் பளிச்னு தெரியும், அதனால கண் டெஸ்ட் போர்டுல இருக்கற கடைசி லைன் வரைக்கும் படிச்சிட்டு "எனக்கென்ன, நான் நல்லாதான் இருக்கேன்"னு வந்துடுவார், சைடுல வர்ற பைக் தெரியாம ரெண்டு தடவ அடிபட்டப்புறம்தான் விஷயமே வெளிய வந்துது.

மொதல் தடவ போன் வாங்கிக் குடுத்தப்போ நானும் தம்பியும் பண்ண கூத்தை சொல்லிடறேன். ஒரே ஞாயித்துக்கிழமைல டாக்பேக்கை (ஸ்கிரீன்ல இருக்கறதை சத்தமா படிச்சுச் சொல்ற ஆண்ட்ராய்டு வசதி) ஆன் பண்ணி, நெட்ல தேடிப் பிடிச்ச பதினோரு ஆப்பை ஏத்தி, அப்பா கைல குடுத்து, ரெண்டு பேரும் ரெண்டு பக்கம் உக்காந்து "இப்படி தள்ளுங்க, இல்லப்பா அப்படி இல்ல, குடுங்க நான் பண்றேன்"னு புடுங்கிப் புடுங்கி சொல்லிக் குடுத்தோம். மறுநாளே போன் பீரோவுக்குள்ள போயிடுச்சு, மூணு மாசம் வெளிய வரல. ரெண்டாவது தடவ ஆப் பத்தியே பேசல, "உங்களுக்கு எது முடியலன்றது ரொம்ப கடுப்பா இருக்கு?"ன்னு கேட்டேன். நாலு சொன்னார்: அம்பத்தூர் அத்தைக்கு அம்மாவைக் கெஞ்சாம போன் போடணும், பேப்பர் படிக்கணும், டீக்கடைல யாரும் ஏமாத்தாம காசு குடுக்கணும், தனியா ஒரு தடவையாவது அம்பத்தூர் போயிட்டு வரணும். கீழ இருக்கற ஸ்டெப் எல்லாம் அந்த வரிசைலதான் வருது. உங்க வீட்ல வரிசை வேற மாதிரி இருக்கும், மொதல்ல அதைக் கேளுங்க.

ஸ்டெப் 1: எந்த போன்

நான் சொல்றது ஆண்ட்ராய்டுக்கு. ஐபோன் இருந்தா அதுல டாக்பேக் மாதிரியே வாய்ஸ்ஓவர்னு இருக்கு, அதுவும் நல்லா இருக்கும், ஆனா எங்க பட்ஜெட்டுக்கு அது ஆகாது. விலை கம்மி ஆண்ட்ராய்டு போதும், மூணு விஷயம் மட்டும் பாருங்க. ஃபிங்கர்பிரிண்ட் சைடு பட்டன்ல இருக்கணும், ஸ்கிரீனுக்கு அடில இருந்தா அந்த எடத்தைத் தடவிக் கண்டுபிடிக்கறதுக்குள்ள பொழுது விடிஞ்சுடும். இயர்போன் குத்தற ஓட்டை இருந்தா நல்லது, ப்ளூடூத் சார்ஜ் எறங்கிப் போச்சுன்னா அவங்களுக்கு அது தெரியவே தெரியாது. மூணாவது, லாக் ஸ்கிரீன்ல வெளம்பரம் ஓட்டற போனா இருந்தா கடையிலயே அதை ஆஃப் பண்ண முடியுமான்னு பாத்துட்டு வாங்குங்க. நமக்கு அது வெறும் தொல்லை, அவங்களுக்கு அது நடுவழில போட்ட பள்ளம்.

ஸ்டெப் 2: அவங்க கைல குடுக்கறதுக்கு முன்னாடி நீங்க பண்ண வேண்டியது

இதை டாக்பேக் ஆன் பண்றதுக்கு முன்னாடியே முடிச்சிடுங்க, ஏன்னா ஆன் பண்ணிட்டா உங்க விரலே உங்களுக்கு வேலை செய்யாத மாதிரி ஆயிடும், நான் பயந்தே போயிட்டேன்.

பேட்டர்ன் லாக்கை எடுத்துட்டு நம்பர் லாக்கும் ஃபிங்கர்பிரிண்ட்டும் வைங்க, ரெண்டு கைலயும் ரெண்டு ரெண்டு விரல் பதிஞ்சு வைங்க. ஸ்கிரீன் திரும்பறதை ஆஃப் பண்ணுங்க. கீழ மூணு பட்டன் வர்ற நேவிகேஷனை வைங்க, இழுத்துத் தள்ற ஜெஸ்சர் நேவிகேஷன் வேண்டாம். டெம்பர்டு கிளாஸ் மேல ஹோம் பட்டன் வர்ற எடத்துல குட்டியா ஒரு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டிடுங்க, நான் அம்மாவோட ஸ்டிக்கர் பொட்டுல மேடா இருக்கற கல்லு பொட்டைத்தான் ஒட்டினேன், இன்னி வரைக்கும் விழல.

ஹோம் ஸ்கிரீனை சுத்தமா காலி பண்ணிட்டு நாலு மூலைக்கு நாலு ஐகான் மட்டும் வைங்க. மூலைன்னா போன் ஓரத்தைத் தடவிட்டே வந்து கண்டுபிடிச்சுடலாம், நடுவுல இருக்கறதைக் கண்டுபிடிக்கறதுதான் கஷ்டம். ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப் எல்லாத்தையும் மியூட் பண்ணுங்க, இல்லன்னா பேசிட்டு இருக்கறப்போ நடுவுல "பெரியப்பா ஃபேமிலி, பதினாலு புது மெசேஜ்"னு அது கத்தும்.

இப்போ செட்டிங்ஸ்ல அக்சஸிபிலிட்டி போயி டாக்பேக். ஆன் பண்றதுக்கு முன்னாடி அதுலயே ஷார்ட்கட்னு இருக்கும், அதை ஆன் பண்ணுங்க, அதுக்கப்புறம் ரெண்டு வால்யூம் பட்டனையும் சேத்து மூணு செகண்ட் அமுக்கினா டாக்பேக் ஆன் ஆகும், மறுபடி அமுக்கினா ஆஃப் ஆகும். வீட்ல இருக்கற எல்லாருக்கும் இதை சொல்லிக் குடுத்துடுங்க, என் தம்பிக்கு சொல்லாம விட்டுட்டேன், அவன் போன் ரிப்பேர்னு கடைக்குக் கொண்டு போயிட்டான்.

அதே அக்சஸிபிலிட்டில பவர் பட்டன் அமுக்கினா கால் கட் ஆகற மாதிரி ஒரு செட்டிங் இருக்கும், அதையும் போட்டுடுங்க.

ஸ்டெப் 3: குரல்

செட்டிங்ஸ்ல டெக்ஸ்ட் டு ஸ்பீச்னு தேடினா கூகுளோட ஸ்பீச் சர்வீஸ் வரும், அதுல தமிழ் வாய்ஸ் டேட்டாவை டவுன்லோட் பண்ணி அதையே மொழியா வைங்க. தமிழ் வாய்ஸ் இங்கிலீஷ் வார்த்தையையும் ஓரளவு படிச்சுடும், ஆனா இங்கிலீஷ் வாய்ஸ வெச்சுட்டு தமிழ் படிக்கும்னு நம்பாதீங்க.

போனோட மொழியை மாத்தறது வேற விஷயம், அதை நான் மாத்தி சூடு பட்டேன். மெனு எல்லாம் தமிழ்ல வந்துச்சு, "அணுகல்தன்மை"ன்னு ஒண்ணு படிச்சுது, அப்பா "எந்த ஊர் தமிழும்மா இது"ன்னார். அது கூட பழகிடும், ஆனா வெளிய யார்கிட்ட உதவி கேட்டாலும் "செட்டிங்ஸ் போங்க சார்"னுதானே சொல்வாங்க. அதனால மெனு இங்கிலீஷ், குரல் தமிழ், எங்க வீட்ல இதுதான் செட் ஆச்சு. இங்கிலீஷ் பழக்கமே இல்லாத பாட்டிக்குன்னா நான் வேற மாதிரி யோசிச்சிருப்பேன்.

வேகத்தை மொதல்ல நல்லா கொறைச்சு வைங்க. ரெண்டே மாசத்துல அவங்களே ஏத்த சொல்வாங்க, அப்பா போன் இப்போ பேசற வேகத்துக்கு எனக்கு பாதி புரியல.

ஸ்டெப் 4: மூணே மூணு அசைவு, ஒரு வாரம்

டாக்பேக்ல இருபதுக்கு மேல ஜெஸ்சர் இருக்கு, மூணு மட்டும் சொல்லிக் குடுங்க. விரலை வெச்சு மெதுவா தடவினா விரலுக்கு அடில இருக்கறதைப் படிக்கும். ஒத்த விரலால சட்டுனு வலது பக்கம் தள்ளினா அடுத்ததுக்குப் போகும், இடது பக்கம் தள்ளினா முன்னாடி இருந்ததுக்கு வரும். படிச்சதைத் தொறக்கணும்னா ஸ்கிரீன்ல எங்க வேணா ரெண்டு தட்டு.

இதுல எல்லாரும் மாட்டற எடம் அந்த "சட்டுனு"தான். மெதுவா இழுத்தா போன் தடவறாங்கன்னு நெனைச்சுக்கும், அடுத்ததுக்குப் போகாது, ஒரு வாரம் அப்பா இதுல படாத பாடு பட்டார். கடைசில நான் "அப்பா, கேரம் ஆடுவீங்கல்ல, காயின் சுண்டறீங்கன்னு நெனைச்சுக்கோங்க"ன்னேன், அன்னிக்கே புடிச்சுக்கிட்டார். உங்க வீட்ல தையல் தெரிஞ்ச அம்மாவா இருந்தா நூல் சுருக்கறதை சொல்லுங்க, கைக்குத் தெரிஞ்ச ஏதாவது ஒண்ணு எல்லாருக்கும் இருக்கும்.

ஒரே ரூல், போனைப் புடுங்கக் கூடாது. உங்க கையை முதுகுக்குப் பின்னாடி கட்டிக்கோங்க, வாயால மட்டும் சொல்லுங்க. அஞ்சு நிமிஷத்துல நீங்க பண்ணிடற வேலைய அவங்க நாப்பது நிமிஷம் பண்ணுவாங்க, பாக்கறதுக்கு அவ்ளோ எரிச்சலா வரும், எழுந்து போயி காபி போட்டுட்டு வாங்க. முழுசா பார்வை போகலன்னா டாக்பேக் இப்போதைக்கு வேண்டாம், அக்சஸிபிலிட்டிலயே மேக்னிஃபிகேஷன், எழுத்தைப் பெருசாக்கறது, கருப்பு பின்னணி எல்லாம் இருக்கு, மொதல்ல அதைப் போட்டுப் பாருங்க.

ஸ்டெப் 5: அத்தைக்கு போன்

கான்டாக்ட் லிஸ்ட்டை உக்காந்து சுத்தம் பண்ணுங்க, அலுப்புப் பட்டாலும் இதுதான் பெரிய வேலை. அப்பா போன்ல நாலு செல்வம், மூணு "பிளம்பர் நியூ". கூகுள்கிட்ட வாயால "கால் பண்ணு"ன்னு சொன்னா எந்த செல்வம்னு அது திருப்பிக் கேக்கும், அதுக்கு இவர் கோவப்படுவார். அவங்க வாயில எப்படி வருமோ அப்படியே பேரை மாத்தி சேவ் பண்ணுங்க: "அம்பத்தூர் லட்டு", "ஃபிட்டர் செல்வம்". கால் வந்தா எடுக்கறதுக்கு ரெண்டு விரலால ரெண்டு தட்டு, வைக்கறதுக்கு பவர் பட்டன்.

வாட்ஸ்அப்ல டைப் பண்றதை இப்போதைக்கு மறந்துடுங்க. வாய்ஸ் மெசேஜ் போதும்: மைக் பட்டன் மேல போயி ரெண்டு தட்டு, ரெண்டாவது தட்டுல விரலை எடுக்காம அமுக்கிப் புடிச்சுப் பேசணும், விட்டா போயிடும். எழுதியே ஆகணும்னா ஜிபோர்டு கீபோர்டுல தமிழ் வாய்ஸ் டைப்பிங் இருக்கு, 2017லயே வந்துடுச்சு, மெட்ராஸ் பாஷைல பேசினா கொஞ்சம் கொஞ்சம் உளறும்.

ஸ்டெப் 6: பேப்பர்

இதுல எனக்கே தெரியாத ஒரு விஷயம் கத்துக்கிட்டேன். இ-பேப்பர்னு வர்றது நெறைய எடத்துல வெறும் படம், அதை டாக்பேக் படிக்காது, பேப்பரோட வெப்சைட்ல இருக்கற செய்தியை நல்லா படிக்கும். அதே மாதிரி பிடிஎஃப். பழைய பாமினி மாதிரி ஃபாண்ட்ல அடிச்ச பிடிஎஃப் பாக்கறதுக்கு தமிழா இருக்கும், உள்ள இருக்கறது இங்கிலீஷ் எழுத்து, அதனால டாக்பேக் ஏதோ மந்திரம் சொல்ற மாதிரி கத்தும். அசோசியேஷன் சர்குலர் ஒண்ணு அப்படித்தான் வந்துது, யூனிகோடுல (உள்ளயும் தமிழ் எழுத்தாவே இருக்கற முறை) அனுப்புங்கன்னு சொல்லி நாலு தடவ கேட்டாச்சு. யாராவது சர்குலர் டைப் பண்றவங்க இதைப் படிச்சா தயவுசெஞ்சு யூனிகோடுல அடிங்க.

மூணு விரலால ஒரு தட்டு தட்டினா டாக்பேக் மெனு வரும் (பழைய போன்ல விரலைக் கீழ இழுத்து அப்படியே வலது பக்கம் திருப்பணும்), அதுல கீழ வரைக்கும் தொடர்ந்து படிக்கற ஆப்ஷன் இருக்கும். அதை ஸ்டார்ட் பண்ணி விட்டுட்டு அப்பா ஈஸிசேர்ல சாஞ்சுடுவார். ஆகாசவாணி செய்திக்கு பிரசார் பாரதியோட நியூஸ்ஆன்ஏர் ஆப் இருக்கு. புத்தகம் வேணும்னா சுகம்யா புஸ்தகாலயான்னு பார்வை இல்லாதவங்களுக்காக 2016ல ஆரம்பிச்ச ஆன்லைன் லைப்ரரி இருக்கு, கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துலயும் பிரெயில் பிரிவு இருக்கு. வீட்ல கம்ப்யூட்டர் இருந்தா அதுல ஸ்கிரீனைப் படிச்சுச் சொல்ற என்விடிஏ போடுங்க, இலவசம்தான்.

ஸ்டெப் 7: காசு

இங்கதான் ரொம்ப நேரம் செலவாச்சு, செலவாகணும்.

நோட்டு மொதல்ல. ரிசர்வ் பேங்க்கே 2020 ஜனவரில மணின்னு ஒரு ஆப் விட்டிருக்கு, கேமராக்கு முன்னாடி நோட்டைக் காட்டினா எவ்ளோன்னு சொல்லும், நெட் வேண்டாம். ஆனா நல்ல நோட்டா கள்ள நோட்டான்னு அது சொல்லாது, அதை நம்பிடாதீங்க. வீட்ல இருந்து கெளம்பறப்போ அதை வெச்சுப் பிரிச்சு அடுக்கிக்கலாம், டீக்கடைல கூட்டத்துல நின்னுட்டு போனைத் தூக்கிக் காட்டிட்டிருக்க முடியாது, அங்க கைதான்.

புது நோட்டு ஒவ்வொண்ணும் நீளம் வேற: 10 ரூபாய் 123 மில்லிமீட்டர், 20 வந்து 129, 50 வந்து 135, 100 வந்து 142, 200 வந்து 146, 500 வந்து 150. 100, 200, 500 மூணுலயும் ஓரத்துல மேடா சாஞ்ச கோடு இருக்கும், 100ல நாலு, 200ல நாலு கோடும் நடுவுல ரெண்டு வட்டமும், 500ல அஞ்சு. புது நோட்டுல நல்லா தெரியும், மீன் மார்க்கெட் போயிட்டு வந்த நோட்டுல ஒண்ணும் தெரியாது. 200க்கும் 500க்கும் நாலே மில்லிமீட்டர்தான் வித்தியாசம். இதுல பழைய சீரிஸ் 100 ரூபாய் வேற, இன்னும் செல்லும், அது 157 மில்லிமீட்டர், புது 500ஐ விடப் பெருசு, அதை நெனைச்சா எனக்கே கிறுகிறுன்னு வருது. அதனால நாங்க மடிக்கற முறை வெச்சிருக்கோம்: 500 நீளவாக்குல மடிச்சு, 200 குறுக்க மடிச்சு, 100 மடிக்காம, சில்லறை நோட்டு எல்லாம் சட்டைப் பைல.

அப்புறம் யுபிஐ. ஆப்பை செலக்ட் பண்றதுக்கு முன்னாடி டாக்பேக் ஆன் பண்ணிட்டு, கண்ணை மூடிட்டு, நீங்களே பத்து ரூபாய் அனுப்பிப் பாருங்க. சில ஆப்ல பட்டனுக்குப் பேரே இருக்காது, "பட்டன், பட்டன், பட்டன்"னு சொல்லும். ஒரு பேங்க் ஆப் டாக்பேக் ஆன்ல இருந்தா ஏதோ வைரஸ் மாதிரி நெனைச்சுட்டு தொறக்கவே மாட்டேன்னுது. க்யூஆர் ஸ்கேன் அவங்களுக்கு ஒத்து வராது, தெனமும் போற கடைக்காரரோட நம்பரை ஒரு தடவ சேவ் பண்ணிட்டா போதும், கடைல சவுண்ட் பாக்ஸ் தொகையை சத்தமா சொல்லிடுது, அது யாருக்காக வந்துதோ தெரியல, எங்கப்பாவுக்குத்தான் ரொம்ப உதவியா இருக்கு. டீ, பேப்பர் அளவுக்கு யுபிஐ லைட் போதும், பின் நம்பர் கேக்காது. பின் போட வேண்டிய எடத்துல இயர்போன் கட்டாயம், டாக்பேக் மெனுல ஹைட் ஸ்கிரீன் போட்டா ஸ்கிரீனே கருப்பாயிடும், பக்கத்துல நிக்கறவனுக்கு ஒண்ணும் தெரியாது. பென்ஷன் அக்கவுண்ட்டை யுபிஐல சேக்காதீங்க, தனியா ஒரு அக்கவுண்ட்ல ரெண்டாயிரம் போட்டு வைங்க.

ஒரு பேங்க்ல ஏடிஎம் கார்டு கேட்டப்போ, அப்பா பக்கத்துலயே நிக்கறார், அவர விட்டுட்டு என்னைப் பாத்து "சாருக்கு எதுக்கும்மா, உங்க பேர்ல ஜாயின்ட்டா போட்டுக்கோங்க"ன்னாங்க. பார்வை இல்லாதவங்களுக்கு செக் புக், ஏடிஎம் கார்டு, நெட் பேங்கிங் எல்லாம் மத்தவங்க மாதிரியே குடுக்கணும்னு ரிசர்வ் பேங்க் 2008 ஜூன்லயே சர்குலர் போட்டிருக்கு, அதை பிரிண்ட் எடுத்துட்டு போங்க, குரல் மாறும். இன்னொண்ணு, வீடியோ கேஒய்சில (ஆளு யாருன்னு பேங்க் சரிபாக்கறது) கண் சிமிட்டுங்கன்னு கேக்கறாங்கல்ல, அப்பா சிமிட்டறார், அது ஏத்துக்கவே இல்ல, கேமரா எந்தப் பக்கம்னே அவருக்குத் தெரியாதே. இதுக்கும் சுப்ரீம் கோர்ட் 2025 ஏப்ரல் 30ல தீர்ப்பு சொல்லியிருக்கு, டிஜிட்டல் வசதி கெடைக்கறதும் வாழற உரிமைல சேந்ததுன்னு சொல்லி, கேஒய்சிய மாற்றுத்திறனாளிகளுக்கும் ஏத்த மாதிரி மாத்த சொல்லி இருபது உத்தரவு. முடியலன்னா நேர்ல போயி இதை சொல்லிக் கேளுங்க.

திருடனுங்களைப் பத்தியும் ஒரு வார்த்தை. எந்த ஆப்பாவது அக்சஸிபிலிட்டி பெர்மிஷன் கேட்டா குடுக்கவே கூடாதுன்னு சொல்லி வைங்க, அதைக் குடுத்துட்டா ஸ்கிரீன்ல இருக்கறதைப் படிக்கவும் அவங்களுக்கு பதிலா தட்டவும் அந்த ஆப்பால முடியும். மாசத்துக்கு ஒரு தடவ அந்த லிஸ்ட்ல டாக்பேக் தவிர வேற ஏதாவது ஆன்ல இருக்கான்னு நீங்க பாருங்க. காசு போயிட்டா ஒடனே சைபர் க்ரைம் ஹெல்ப்லைன் 1930க்கு போன் போடுங்க.

ஸ்டெப் 8: மருந்து

இதுக்கு ஆப் தேடாதீங்க. ரெண்டு கண் டிராப்ஸ் பாட்டிலும் ஒரே சைஸ், காலை பாட்டிலுக்கு ஒரு ரப்பர் பேண்ட், ராத்திரி பாட்டிலுக்கு ரெண்டு. போன்ல அலாரம் ரெண்டும் வேற வேற ட்யூன், நாதஸ்வரம்னா காலை மருந்து. கேமராவைக் காட்டினா அட்டைல இருக்கறதைப் படிக்கற ஆப் நெறைய இருக்கு, லுக்அவுட், சீயிங் ஏஐ எல்லாம், நல்லாவே படிக்குது, ஆனா பளபளக்கற மாத்திரை அட்டைல 5ஐ 50ன்னு ஒரு தடவ படிச்சுது. கரெண்ட் பில்லுக்கு ஓகே, மாத்திரைக்கு நான் விட மாட்டேன்.

ஸ்டெப் 9: அம்பத்தூர்

மொதல்ல கம்பு. வெள்ளைக் கம்பு புடிக்க அப்பா ஆறு மாசம் ஒத்துக்கல, "எல்லாரும் பாப்பாங்க"ன்னார், பாக்கணும்னுதானே அது வெள்ளையா இருக்கு. ஐஐடி டெல்லில பண்ண ஸ்மார்ட்கேன்னு ஒண்ணு 2014ல வந்துது, அல்ட்ராசவுண்ட் வெச்சு முட்டிக்கு மேல இருக்கறது மூணு மீட்டர் தூரத்துலயே இருந்தா அதிரும், தொங்கற போர்டுக்கும் நிக்கற லாரிக்கும் பிரயோஜனம். ஆனா சாதா கம்புல நடக்கக் கத்துக்கிட்டப்புறம்தான் அது.

மேப்பை நம்பி பெரம்பூர்ல நடக்க முடியாது, மெட்ரோ ரெண்டாம் கட்ட வேலைக்கு தடுப்பு போட்டு போட்டு எடம் மாத்திட்டே இருக்காங்க. மேப் வழி சொல்லும், பள்ளத்தை சொல்லாது. இயர்போன் எப்பவும் ஒத்தக் காதுல மட்டும், இன்னொரு காது ரோட்டுக்கு.

ஓடற பஸ்ஸோட நம்பர் போர்டை எந்த கேமராவும் ஒழுங்கா படிக்கல, நின்னு "29சி யா?"ன்னு கத்தறதுதான் இன்னும் வேகம். சாதாரண கட்டண டவுன் பஸ்ல 2021ல இருந்து மாற்றுத்திறனாளிகளுக்கும் கூட வர்ற துணைக்கும் டிக்கெட் இல்ல. அப்பாவுக்கு ட்ரெயின்தான் புடிக்கும், நாப்பது வருஷம் அந்த பொட்டியைக் கட்டினவர். அவருக்கு ஆப்பே தேவைப்படல: பெரம்பூர்ல ஏறினா கேரேஜ் ஒர்க்ஸ், லோகோ ஒர்க்ஸ், வில்லிவாக்கம், கொரட்டூர், பட்டரவாக்கம், ஆறாவது அம்பத்தூர், விரல் விட்டு எண்ணிக்கிட்டே போவார். நான் மட்டும் வாட்ஸ்அப்ல லைவ் லொகேஷன் எட்டு மணி நேரத்துக்கு வாங்கிக்கிட்டேன். மொதல் நாள் கொரட்டூர்ல சிக்னலுக்கு நின்னப்போ நான் நாலு தடவ போன் பண்ணி, "நீ என்னைக் காவல் காக்கறியா"ன்னு திட்டு வாங்கினேன். இப்போ ஒரு மணி நேரம்தான் போடறார், அதுக்கு மேல குடுக்க மாட்டேங்கறார்.

ஸ்டெப் 10: கார்டு

யுடிஐடி கார்டு, அதாவது மாற்றுத்திறனாளி அடையாள அட்டை, ஸ்வாவ்லம்பன் கார்டு சைட்ல அப்ளை பண்ணணும், குறைபாடு 40 சதவீதமோ அதுக்கு மேலயோ இருந்தாதான் நெறைய சலுகை. க்ளாக்கோமாக்காரங்க இதுலதான் ஏமாறுவாங்க: எழுத்து தெரியுதேன்னு அப்ளை பண்ணாமயே இருப்பாங்க. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துல எழுத்து தெரியற அளவு மட்டும் இல்ல, பார்வையோட பரப்பும் கணக்கு. 40 டிகிரிக்கும் கம்மியா இருந்தா லோ விஷன், 10 டிகிரிக்கும் கம்மின்னா பார்வையின்மை. அதனால மெடிக்கல் போர்டுக்குப் போறப்போ விஷுவல் ஃபீல்டு டெஸ்ட் ரிப்போர்ட் கைல இருக்கட்டும். எக்மோர் அரசு கண் ஆஸ்பத்திரி 1819ல ஆரம்பிச்சது, கூட்டம் இருக்கும், காலைலயே போயிடுங்க.

கடைசியா ஒண்ணு, சார்ஜ் தீந்துடும். அப்பா பாக்கெட்ல ஒரு அட்டை இருக்கு, ஸ்கெட்ச் பேனால என் நம்பரும் அத்தை நம்பரும் பெருசா எழுதினது. ரெண்டு நம்பரும் அவருக்கு மனப்பாடம், ஆனா மயக்கம் போட்டா வாய் பேசாதே. லேமினேட் பண்ணி வைங்க, சும்மா வெச்சா வேர்வைல ரெண்டே வாரத்துல அழிஞ்சுடுது.